பெரிய அருவிச் சாப்ளேன்

குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகும் வழியில், கல்படி முடிகிற இடத்தில் ஒரு நாவல் மரம் நின்றது. அதன் அடியில்தான் குத்தாலிங்கத்தின் ஆபீஸ். ஆபீஸ் என்று சொன்னது அவர் மனைவி பிச்சம்மாள். மேலகரத்தில் அவர்கள் தெருவில் யார் வந்து கேட்டாலும், "அவிய ஆபீசுக்குப் போயிருக்காவ" என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்லுவாள். அந்த ஆபீசுக்குச் சுவர் கிடையாது. மேலே மரம், கீழே பாறை, சுற்றிலும் குரங்கு.

சீசன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குத்தாலிங்கம் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவார். குளிக்க வருகிறவர்கள் சட்டை, வேட்டி, செருப்பு, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், ஒன்றிரண்டு பேர் பல்செட்டு உட்பட அவரிடம் ஒப்படைத்துவிட்டு அருவிக்குள் போவார்கள். அவர் ஒவ்வொருவர் துணியையும் தனித்தனி மூட்டையாகக் கட்டிக் காலடியில் அடுக்கிக்கொண்டு காவல் இருப்பார். சீட்டு கிடையாது, நம்பர் கிடையாது. வந்தவர் போகும்போது கையில் எதையாவது வைத்துவிட்டுப் போனால் வாங்கிக்கொள்வார். முதலில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலைதான் பார்த்தார். இருபத்தைந்து வயதில் வலது மணிக்கட்டு பிசகியது. கை தேய்க்காவிட்டாலும் கண் தேயவில்லையே என்று இந்த வேலைக்கு வந்தார். வந்து முப்பது வருஷத்தில் ஒரு கோவணம்கூட மாறிப்போனதில்லை.

அதற்கு அவரிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதே இல்லை. அருவிக்குள் போகும்போது தாசில்தாராகப் போகிறவர் வெளியே வரும்போது நனைந்த கோழியாக வருவார். மீசை தொங்கிவிடும், தலைமுடி கண்ணில் விழும், முகத்தை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. ஆனால் கால் மாறாது. உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்கு நேராக வருவதும் காலே. பித்தவெடிப்பு, ஆணிக்கால், கறுத்த நகம், சுண்டுவிரல் மடங்கல் என்று ஒவ்வொரு காலையும் ஒருமுறை பார்த்தால் போதும். போன சீசனில் வந்த கால் இந்த சீசனில் வந்தாலும் "என்ன அண்ணாச்சி, பாம்பேயில இருந்து எப்ப வந்திய" என்று விசாரிப்பார்.

இவ்வளவு திறமை இருந்தும் அந்த வேலைக்கு ஒரு பெயர் இல்லை. ஐம்பத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் தொழில் என்ன என்று கேட்டார். குத்தாலிங்கம் அரை மணி நேரம் விளக்கினார். காலைப் பற்றிக்கூடச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட வாத்தியார், கட்டத்துக்குள் 'இதர' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அது குத்தாலிங்கத்துக்குப் பல வருஷம் உறுத்தலாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வேலையே இல்லாமல் திரிந்தவன். அவனுக்குக்கூட 'விவசாயம்' என்று எழுதியிருந்தது.

செங்கோட்டை நம் மாகாணத்தோடு சேர்ந்த மறுவருஷம் மகள் இராமலட்சுமிக்கு மாப்பிள்ளை வந்தது. தரகர் அய்யாக்குட்டி கொண்டுவந்த இடம். பையன் முத்துக்குமாரசாமி தென்காசியில் பஸ் கண்டக்டர். அவனுடைய அப்பா நயினார் சிவகிரியில் கொஞ்சம் நிலபுலத்தோடு இருந்தார். நல்ல பெருத்த உடம்பு, மெதுவான பேச்சு. பெண் பார்க்க வந்தபோது குத்தாலிங்கம் வழக்கம்போல முதலில் நயினாரின் காலைத்தான் பார்த்தார். இடது காலில் இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்ட கால் உள்ளவர்கள் லேசில் சம்மதிக்கமாட்டார்கள், சம்மதித்தால் மாறமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

பெண்ணைப் பிடித்தது, கேசரியும் பிடித்தது. எல்லாம் பேசி முடிந்து வெற்றிலையை மடிக்கும்போது நயினார் கேட்டார்.

"சம்பந்தி என்ன சோலி பாக்குதாவன்னு ஊர்ல நாலு பேரு கேப்பாவல்லா?"

"அருவியில உத்தியோகம்" என்று பிச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"சரி. என்ன உத்தியோகம்?"

குத்தாலிங்கம் குறுக்கே புகுந்து, உத்தியோகப் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது, வாயில் வராது, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். நயினார் தலையாட்டினார். பெயர் வந்ததும் தேதி குறிக்கலாம் என்று எழுந்துபோனார். அவர்கள் தெரு திரும்பியதும் பிச்சம்மாள் கணவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. இராமலட்சுமி அடுக்களையில் பாத்திரத்தைத் துலக்குகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது. அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது என்பது குத்தாலிங்கத்துக்குப் புரிந்தது.

இனி தங்கசாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசியில் ஒரு மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். சனிக்கிழமை தோறும் சீயக்காய்ப் பொட்டலத்தோடு அருவிக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசிக்கிற மனிதர். முந்தின நாளே தலைக்குக் குளித்துச் சுத்தமாகிவிட வேண்டும் என்பது கொள்கை. எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் வேரைத் தோண்டாமல் விடமாட்டார். வீட்டில் அவர் மனைவி பிள்ளைகளை இங்கிலீஷ் பேசக்கூடாது என்று எச்சரித்து வைத்திருந்தாள். ஒரு சொல் காதில் விழுந்தால் சாப்பாடு ஆறிப்போகும். பள்ளிக்கூடத்திலும் யாரும் அவரிடம் சிக்குவதில்லை. அப்படிப்பட்டவரிடம், கறுப்புக் கோட்டை வாங்கி மடித்துக்கொண்டே குத்தாலிங்கம் கேட்டார்: துணிக்குக் காவல் இருக்கிற வேலைக்கு இங்கிலீஷில் பெயர் உண்டா?

தங்கசாமி சாருக்கு முகம் பூரித்துப்போனது. இடுப்பில் துண்டோடு, சாரலில் நடுங்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் சீமையில் மார்ட்டின் என்று ஒரு பட்டாளக்காரர் இருந்தார். கடுமையான குளிர்காலம். ஊர் வாசலில் ஒரு பிச்சைக்காரன் துணியில்லாமல் விறைத்துக்கொண்டு நின்றான். மார்ட்டின் தான் போர்த்தியிருந்த போர்வையைக் கத்தியால் இரண்டாக வகுந்து பாதியை அவனுக்குக் கொடுத்தார். பின்னால் அவரைப் புனிதர் என்று கொண்டாடினார்கள். அவருடைய போர்வை என்று ஒரு துணியை ராஜாக்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள், யுத்தத்துக்குப் போனாலும் கூடவே கொண்டுபோனார்கள். லத்தீனில் சின்னப் போர்வைக்குக் கப்பெல்லா என்று பெயர். அது இருந்த இடம் சாப்பல் ஆனது. அதற்குக் காவல் இருந்தவர்தான் சாப்ளேன்.

"துணிக்குக் காவல்காரன்வே. ராஜா வீட்டு உத்தியோகம்."

இப்போது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு, பட்டாளத்திலும் ஜெயிலிலும் ஆஸ்பத்திரியிலும் ஜெபம் பண்ணுகிற பாதிரியாரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் சார் மறைக்கவில்லை. குத்தாலிங்கம் அதையும் கேட்டார். ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது தென்காசி முன்சீப் கோர்ட்டுக்குப் பக்கத்தில். அங்கே நடக்கிற வழக்கில் பாதி வழக்கு ஒரே விஷயம்தான்: நிலத்தில் இன்று உழுகிறவன் யாராக இருந்தாலும் சரி, மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறது? சொல்லுக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும். பாதிரிமார் நடுவில் வந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். மூலப்பத்திரம் துணிக்காரனிடம் இருக்கிறது. அவருக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். தங்கசாமி சார் கொஞ்சம் யோசித்தார். இருபது வருஷத்தில் ஒரு வேரை ஒருவர் வேண்டுமென்று கேட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் யோசனை அடிபட்டுப்போனது. கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சாய்ந்த அழகான எழுத்தில், குத்தாலிங்கம், சாப்ளேன், பெரிய அருவி, குற்றாலம் என்று எழுதிக் கொடுத்தார். தாள் அன்று சாயங்காலமே அய்யாக்குட்டி கையில் சிவகிரிக்குப் போனது.

அங்கே நடந்தது குத்தாலிங்கத்துக்குப் பின்னால்தான் தெரியும். நமக்கு இப்போதே தெரிந்துவிடுவது நல்லது. நயினார் தாளை எடுத்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டரிடம் போனார். போஸ்ட்மாஸ்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். இது பாதிரியார் உத்தியோகம் ஆயிற்றே என்றார். நயினாருக்குத் தலை சுற்றியது. சம்பந்தி நெற்றியில் அவ்வளவு திருநீறு பார்த்தோமே, வீட்டில் முருகன் காலண்டர் தொங்கியதே, அதற்குள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாரா? சேர்ந்ததுமில்லாமல் பாதிரியாகவே ஆகிவிட்டாரா? இதைத் தரகனிடம் கேட்டால் பொய் சொல்வான், சம்பந்தியிடம் கேட்டால் சண்டை வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. பாதிரி என்றால் அந்த நேரத்தில் கோயிலில்தானே இருக்க வேண்டும். கோயிலில் இருந்தால் சம்பந்தம் இல்லை, அருவியில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருவியில் கூட்டமான கூட்டம். எட்டு மணிக்குள் குத்தாலிங்கத்தின் காலடியில் இருபத்திரண்டு மூட்டை சேர்ந்துவிட்டது. நயினார் தலையில் துண்டைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். சம்பந்தி அருவியில்தான் இருக்கிறார். ஆனால் இங்கே என்ன செய்கிறார் என்று புரியவில்லை. நின்று பார்க்கலாம் என்றால், குளிக்கிற இடத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிற ஆளைப் பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். போதாததற்கு அருவி வேறு இரைந்து கூப்பிட்டது. வந்தது வந்தோம், ஒரு குளியல் போட்டுவிட்டு யோசிப்போம் என்று வேட்டியையும் சட்டையையும் அவிழ்த்துச் சுருட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகக் கையை நீட்டினார்.

குத்தாலிங்கம் மூட்டையை வாங்கும்போது காலைப் பார்த்தார். இடது கால். பெருவிரல்மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாவது விரல்.

சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார், அதுவும் முக்காட்டோடு. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதுபோல உத்தியோகத்தைச் சோதிக்க வந்திருக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றியது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் சம்பந்தியின் வேட்டியை ஊரான் அழுக்குத் துணிகளோடு கலந்து காலடியில் போட முடியுமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. அந்த மூட்டையை மட்டும் எடுத்து, தலைக்குமேல் நாவல் மரக் கவட்டில் பவ்யமாக வைத்தார்.

முப்பது வருஷத்தில் அவர் எந்த மூட்டையையும் மரத்தில் வைத்ததில்லை. ஏன் வைப்பதில்லை என்பது குற்றாலத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். மரியாதை கண்ணை மறைத்துவிட்டது.

கிளை அசைந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது ஒரு பெரிய கடுவன் குரங்கு உச்சாணியில் உட்கார்ந்து வேட்டியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்த பஸ் சீட்டைத் தின்றது. அடுத்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தது. தங்கசாமி சாரின் கையெழுத்து கீழே இருந்தே தெரிந்தது. அதையும் மென்றது. பணம் இருந்த சுருக்குப்பை பாறை இடுக்கில் விழுந்து தண்ணீரோடு போனது. குத்தாலிங்கம் தோள் துண்டை உருண்டையாகச் சுருட்டிக் குறிபார்த்து எறிந்தார். குரங்கு அதையும் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து நயினார் வந்தார். பெரிய அருவிக்குக் கீழே துண்டோடு போகக் கூடாது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தண்ணீர் முதல் அடியிலேயே முக்காட்டை உருவிக்கொண்டு போய்விட்டது. அத்தனை பெரிய உடம்பு, ஒரு கோவணம், மூடாத முகம் என்று வந்து நின்றார். குத்தாலிங்கம் எழுந்து, "வாங்க சம்பந்தி" என்றார். நயினார் பதில் வணக்கம் வைக்கவில்லை. வேட்டி எங்கே என்று கேட்டார். குத்தாலிங்கம் மேலே கைகாட்டினார்.

மேலே பார்த்த நயினார் கீழே பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். கல்படியில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குத்தாலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரிடமாவது சொல்லிக் கடையில் ஒரு வேட்டி வாங்கிவரச் சொல்லலாம். சொன்னால், துணிக்காரன் துணியைத் தொலைத்தான் என்று ஐந்தருவி வரை சேதி போய்விடும். மகள் முகம் நினைவுக்கு வந்தது. அப்புறம் அவர் யோசிக்கவில்லை. தன் இடுப்பிலிருந்த நாலு முழ வேட்டியை அவிழ்த்தார். ஓரத்தைப் பல்லால் கடித்தார். நடுவில் சர்ரென்று கிழித்துப் பாதியைச் சம்பந்தியிடம் நீட்டினார்.

தங்கசாமி சார் சொன்ன கதையில் இந்த இடம் ரொம்ப அழகாக இருந்தது. கிழித்தபிறகு என்ன ஆனது என்பதை மட்டும் சார் சொல்லவில்லை. இரண்டு முழத் துணி குத்தாலிங்கத்தின் இடுப்பைச் சுற்றியதும் முடிந்துவிட்டது. முடிச்சுப் போடத் துணி இல்லை. நயினாருக்கோ முக்கால் சுற்றோடு நின்றுவிட்டது. இரண்டு பேரும் துணியை இடுப்பில் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கோலத்தில் நடக்க முடியாது, நடந்தாலும் பஸ்ஸுக்குக் காசில்லை. குத்தாலிங்கமோ கடைசி மூட்டை போகும்வரை இடத்தை விட்டு நகரமாட்டார். வேறு வழியில்லாமல் நயினார் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அப்போது யாரோ ஒரு வடகரைக்காரர் வந்து, "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று ஒரு மூட்டையை நயினார் மடியில் போட்டுவிட்டு அருவிக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். துணிக்கு நடுவில் பெருத்த உடம்போடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் முதலாளி என்று தோன்றாதா? நயினார் முதலில் முறைத்தார். பிறகு மூட்டையைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பத்து மணிக்கு ஒரு குரங்கைக் கல்லைக் காட்டி விரட்டினார். பதினொரு மணிக்கு, ஒருவர் அவசரத்தில் வேறு மூட்டையை எடுக்கப் போனபோது, "அது உம்மதில்லவே, கால நல்லாக் காட்டும்" என்று அதட்டினார். குத்தாலிங்கம் அந்தச் சூட்சுமத்தை அதற்குள் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கடைசி மூட்டையும் போனது. நயினார் நேராகவே கேட்டார்.

"நீரு வேதத்துல சேந்துட்டீரா?"

எந்த வேதம் என்று குத்தாலிங்கம் கேட்டார். நயினார் போஸ்ட்மாஸ்டர் சொன்னதை எல்லாம் கொட்டினார். குத்தாலிங்கம் மார்ட்டினில் தொடங்கி மூலப்பத்திரம் வரை எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டார். துணிக்குக் காவல் இருக்கிறேன், அவ்வளவுதான், அதற்குப் பெயர் இல்லை என்றார். நயினார் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கேன். உம்ம காலடியில இருவத்திரெண்டு வேட்டி கெடந்துது. அதுல ஒண்ண எடுத்து எனக்குக் குடுத்திருக்கலாம்லா? எதுக்கு உம்ம வேட்டியக் கிழிச்சீரு?"

குத்தாலிங்கத்துக்குக் கேள்வியே புரியவில்லை. "அது அவிய நம்பிக் குடுத்ததுல்லா" என்றார்.

நயினார் பாதி வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஆவணியில வச்சிருவோம்" என்றார்.

இரண்டு பேரும் ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி, ஆளுக்கொரு பக்கம் ஒருக்களித்து, மேலகரத்துக்கு நடந்தே வந்தார்கள். வாசலில் பார்த்த பிச்சம்மாள் உள்ளே ஓடினாள். இராமலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். வேட்டியும் சட்டையும் கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். பாதி வேட்டியை நயினார் மடித்துக் கையோடு கொண்டுபோனார். குத்தாலிங்கம் கேட்டும் தரவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அறுபத்தொன்றில் இராமலட்சுமி இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தபோது மாமனாரைப் பற்றி ஒரு குறை சொன்னாள். அந்தப் பாதி வேட்டியை உள்ளே சாமான் அறையான அரங்கு வீட்டுப் பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருக்கிறாராம். சாவி அவர் அரைஞாணில். மாதம் ஒருமுறை அவரே எடுத்து வெயிலில் காட்டி, பக்கத்திலேயே கம்போடு உட்கார்ந்திருப்பாராம். யாரையும் தொட விடுவதில்லையாம்.

இதைக் குத்தாலிங்கம் நாவல் மரத்தடியில் தங்கசாமி சாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சார் சிரிக்கவில்லை. சீயக்காய்ப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படின்னா சாப்ளேன் அவருல்லாவே" என்றார். "பாதித் துணிக்குக் காவல் இருக்கவரு அவரு."

குத்தாலிங்கத்துக்கு மனசு ஒரு நிமிஷம் வாடித்தான் போனது. நாலு வருஷமாக உள்ளுக்குள் வைத்திருந்த பட்டம். மூலப்பத்திரமே சம்பந்தி பெயருக்குப் போய்விட்டது. அப்படியானால் நான் யார் சார் என்று கேட்டார்.

தங்கசாமி சார் கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"நீரு கிழிச்சவருவே."

அந்த மாசம் மறுபடி ஜனத்தொகைக் கணக்கு வந்தது. இந்தத் தடவை வேறு வாத்தியார், சின்ன வயசு. தொழில் என்ன என்று கேட்டார். குத்தாலிங்கம் பேரனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவருக்கு வீணாகச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நினைத்து, தானே சொன்னார்.

"இதரன்னு போட்டுக்கிடும்."